நாற்பத்திரண்டரை லட்சம்

— நாப்பத்திரெண்டரை லட்சம்.

— என்னது அது?

— உங்க விலை.

— என் விலையா? ஜெயில் வாசல்லேர்ந்து இங்க வரைக்கும் வந்த டாக்சிக்காரன் என்னை ஒரு மனுஷனாவே மதிக்கல. சில்லறை இல்லன்னு பாதி வழியில முணுமுணுத்தான். நீ என்னடான்னா லட்சத்துல பேசற.

— விளையாடாதீங்க. பதினாலு வருஷமா நெஞ்சுல கட்டி வச்ச மூட்டை, ஒரே மூச்சுல அவுத்துடறேன். உங்களப் போலீசுக்குப் பிடிச்சுக் குடுத்தது நான்தான். உங்க தலைக்குப் போட்ட பணத்த வாங்கினதும் நான்தான். நாப்பத்திரெண்டரை லட்சம். சொல்லிட்டேன்.

— கொஞ்சம் இரு. மூணு மாடி ஏறி வந்திருக்கேன், மூச்சு வாங்குது.

— லிஃப்ட் இருக்கே?

— இருக்கு. உள்ள போய் நின்னா யாரோ வெளியிலேர்ந்து பூட்டற மாதிரியே இருக்கு. அதான் படி.

— இப்படி வாசல் ஓரமா இந்த முக்காலில உக்காருங்க. பை மட்டும் வெளியவே இருக்கட்டும்.

— பை மட்டும் ஏன் வெளிய?

— நான் சொன்னதக் கேட்டுட்டு நீங்க உள்ள வரீங்களா, அப்படியே திரும்பி இறங்கறீங்களான்னு எனக்குத் தெரியாதே. அதுக்குத்தான் வாசல்லயே வச்சு சொல்றேன். மாசாமாசம் கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து உக்காந்தேன், அப்பவே சொல்லியிருக்கலாம். ஆனா அங்க சொன்னா நீங்க எழுந்து போக முடியாது. கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு மனுஷனுக்கு ஒரு வழி வேணும். இப்ப படி இருக்கு, பை இருக்கு. போகணும்னா போங்க, இருக்கணும்னா இருங்க. பொய்யப் போட்டு அதுமேல உங்களுக்கு சாப்பாடு போட மாட்டேன்.

— அம்மா! ஒண்ணு கதவ சாத்துங்க, இல்ல முழுசாத் திறங்க! பக்கத்து வீட்டுப் பூனை மேசைகிட்ட வந்துடுச்சு!

— ரெண்டு நிமிஷம்டி!

— உங்க ரெண்டு நிமிஷத்துக்கு மூணு தடவை சூடு பண்ணியாச்சு. அப்பா, உங்களுக்குப் பசிக்கலையா?

— பசிக்குதும்மா. உங்கம்மா எனக்கு விலை சொல்லிட்டிருக்கா.

— சொல்லிட்டாங்களா? அப்பாடா! நேத்தெல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பாத்தாங்கப்பா. ஒரு தடவை கண்ணாடிகிட்டயே கோவிச்சுக்கிட்டாங்க.

— அப்ப உனக்கும் தெரியுமா?

— எனக்குப் பதினெட்டு முடிஞ்ச அன்னைக்கு சொன்னாங்க. மூணு நாள் அம்மாகிட்டப் பேசல. நாலாவது நாள் பசிச்சுது.

— நீ உள்ள போடி. பூனையப் பாரு… ஏங்க, நீங்க சிரிக்கறீங்களா?

— பொண்ணு என்னை மாதிரியே இருக்காளேன்னு பாத்தேன். பசி வந்தா கொள்கை போயிடும்.

— நீங்க கோர்ட்டுல போட்ட சத்தம் இன்னும் என் காதுல நிக்குது. “என்னை வித்தவன் எவனோ, அவன் வீட்டுல அடுப்பு எரியாமப் பண்றேன்”னு. மறுநாள் பேப்பர்ல கொட்டை எழுத்துல வந்துச்சு. அதப் படிச்சுட்டு அடுப்பப் பத்த வைக்கப் போனேன், மூணு தீக்குச்சி உடைஞ்சுது.

— பத்துச்சா?

— பத்துச்சு.

— நல்ல அடுப்பு. சரி, முதல்ல ஏன் வித்தேன்னு சொல்லு. விலைய அப்புறம் பேசலாம்.

— மடிப்பால.

— எந்த மடிப்பு?

— மறந்துபோச்சா? நாம கட்டிக்கிட்ட புதுசுல நமக்கு என்ன தொழில்?

— மறப்பேனா? துணி துவைக்கற தூள். ஒத்தை ரூம். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் மூட்டை, நடுவுல நாம ரெண்டு பேரும் தும்மிக்கிட்டு. நான் எடை போடுவேன், நீ மெழுகுவத்தியில பாக்கெட் வாய ஒட்டுவ.

— ரெண்டு காத உள்ள தள்ளி, மேல ஒரு மடிப்பு, தீயில ஒரே இழுப்பு. மூணு மடிப்பு. தலைகீழா ஆட்டினாலும் ஒரு துகள் சிந்தாது.

— நான் அத தெருத்தெருவா வித்தேன். “வெளுக்கலன்னா பணம் வாபஸ்.” ஒருத்தர் திருப்பிக் கேட்டதில்ல.

— கேக்க ஆள் கிடைச்சாத்தானே? ஒரு தடவை வித்த தெருப்பக்கம் நீங்க ரெண்டாவது தடவை போனதே இல்ல.

— அது வியாபார ரகசியம் தாயே. அப்புறம்தான் அந்தத் துறைமுகத்து ஆள் வந்தான். தூள அவன் முகர்ந்துகூடப் பாக்கல. பாக்கெட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தான். “இது சிந்தறதே இல்லையே, என் பொடியையும் இப்படிக் கட்டித் தரியா?”ன்னான்.

— என்கிட்ட வந்து என்ன சொன்னீங்க?

— வெளிநாட்டு சோப்புத்தூள்னு.

— “இவ்வளவு சின்ன பாக்கெட்டா?”ன்னு கேட்டேன்.

— “அவங்க வெறும் கைக்குட்டை மட்டும்தான் துவைப்பாங்க”ன்னேன். நீ நம்பினியே!

— நான் எங்க நம்பினேன்? என் இருபது வயசு நம்புச்சு. புரியறப்ப நாம மூணு தடவை வீடு மாறிட்டோம்.

— அதையும் சொல்லு. எப்படி ஏறினோம்! ஒத்தை ரூம் போய் ரெண்டு ரூம், ரெண்டு ரூம் போய் மாடி வீடு, அப்புறம் அந்தப் பதினேழாவது மாடி. பன்னெண்டு பேரு உக்காந்து சாப்பிடற மேசை.

— சாப்பிட்டது நாம மூணு பேரு. உப்பு வேணும்னா உங்களுக்குப் போன் பண்ணணும்.

— ஷூவுக்குன்னு தனி ரூம்.

— இருக்கறது ரெண்டு கால்.

— எட்டு கைக்கடிகாரம்.

— ஒரு நாள்கூட சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததில்ல. குளிக்கற இடத்துல ஒரு நீரூற்று வச்சீங்களே, அது சொட்டற சத்தத்துல ஆறு மாசம் எனக்குத் தூக்கம் இல்ல.

— ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. பவுடர் அண்ணன்னா இந்த ஊர்ல ஒரு பேர் இருந்துச்சு. மடிப்பப் பாத்தே சொல்லுவாங்க, இது அண்ணன் சரக்குன்னு. எடையில ஒரு நாளும் எவனையும் நான் ஏமாத்தல.

— ஆமா. விஷத்த சரியா நிறுத்துக் குடுத்தீங்க. தலையக் குனியாதீங்க. நான் இன்னும் சொல்லி முடிக்கல. பொண்ணுக்குக் கணக்கு சொல்லித்தர ஒரு டீச்சர் வருவாங்களே, ஞாபகம் இருக்கா?

— ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு. நான் எதிர்ல வந்தா என் கணக்கையும் திருத்திடுவாங்களோன்னு ஒதுங்கிப் போவேன்.

— கிடங்கு பிடிபட்டு நீங்க தலைமறைவான அந்த வாரம். இவளுக்கு வகுத்தல் சொல்லித்தந்துக்கிட்டே இருந்தவங்க மேசைமேல அப்படியே சாஞ்சாங்க. தூங்கறாங்கன்னு நினைச்சா நம்ம பொண்ணு. “டீச்சர், மீதி எவ்வளவு?”ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நான் ஓடி வந்து தூக்கினேன். கைப்பை கவுந்துடுச்சு. சாவி, சாக்பீஸ் துண்டு, பஸ் டிக்கெட்டு… நடுவுல ஒரு சின்ன பாக்கெட். மூணு மடிப்பு.

— நம்ம தெருவுக்கு நம்ம சரக்கு வரக்கூடாதுன்னு நான் கண்டிப்பா சொல்லி வச்சிருந்தேன்.

— தெருவுக்கு வரல. நம்ம சாப்பாட்டு மேசைக்கே வந்துச்சு. நாம குடுத்த சம்பளத்துல நம்ம சரக்கையே வாங்கியிருக்காங்க. நம்ம வீட்டுக் காசு ஊரெல்லாம் சுத்திட்டு நம்ம வீட்டுக்கே வந்து சேந்துடுச்சு. நல்ல வியாபாரம்தான். ஆனா அந்த மடிப்பு என்னோடது. உங்க பேர் போட்டிருந்தா உங்களத் திட்டிட்டு விட்டிருப்பேன். அது என் கை. ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து என் கையையே பாத்துக்கிட்டிருந்தேன்.

— பிழைச்சுக்கிட்டாங்கல்ல? நீ முதல் தடவை ஜெயிலுக்குப் பாக்க வந்தப்ப “டீச்சர் நல்லா இருக்காங்க”ன்னு மட்டும் சொன்ன.

— உங்க காசுலதான் பிழைச்சாங்க. பதினோரு மாசம் வைத்தியம். உங்கள வித்த பணத்துல முதல் செலவு அதுதான். இப்ப என் கம்பெனிக் கணக்கெல்லாம் அவங்கதான் பாக்கறாங்க. ஒரு பைசா தப்பினா என்னை நிக்க வச்சுக் கேள்வி கேக்கறாங்க.

— நீ போலீஸ்கிட்டப் போனது எப்படி? அதச் சொல்லு, எனக்கு அதான் வேணும்.

— சுவரெல்லாம் உங்க படம் ஒட்டியிருந்தாங்க. இருபது லட்சம். அந்தப் பெரிய மீசை வச்ச இன்ஸ்பெக்டர் இருப்பாரே, அவருக்குப் போன் போட்டேன். வாயில கைக்குட்டைய வச்சுக்கிட்டு, “ஆள் எங்கிட்ட இருக்கு, விலை பத்தாது”ன்னேன்.

— ஆள் உங்கிட்ட இருந்தேனா?

— எங்க இருந்தீங்கன்னே எனக்குத் தெரியாது. கையில இல்லாத சரக்குக்குத்தான் விலை பேசினேன். நீங்க கத்துக்குடுத்த தொழில்தானே?

— சபாஷ். மீசை என்ன சொன்னான்?

— “இருபதே ஜாஸ்திம்மா”ன்னாரு. “என்ன சார், அந்த மனுஷன்மேல எத்தனை கேஸ் இருக்குன்னு எண்ணிப் பாருங்க, ஒரு கேசுக்கு ஒண்ணுன்னு போட்டாலே ஐம்பது தாண்டும்”ன்னேன். “நல்ல நிலமையில இருக்கற சரக்கு சார், உடம்புல ஒரு கீறல் கிடையாது, பல்லெல்லாம் சொந்தப் பல்லு”ன்னேன்.

— கடைவாய்ப் பல்லு ஒண்ணு கட்டினது.

— வாங்கறவன்கிட்ட அதச் சொல்லுவாங்களா? முப்பதுக்கு வந்தாரு. ஒவ்வொரு தடவையும் மேலிடத்துல கையெழுத்து வாங்கி, நோட்டீஸ் அடிச்சு, சுவத்துல ஒட்டினாத்தான் நான் நம்புவேன்னு சொல்லிட்டேன். வாய் வார்த்தையெல்லாம் நம்ம கடைக்கு ஆகாது. அப்புறம் முப்பத்தஞ்சு.

— முப்பதுக்கும் முப்பத்தஞ்சுக்கும் நடுவுல ஒரு வாரம் இழுத்துச்சே, ஏன்?

— ஒரு வாரம் இழுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நோட்டீஸ் ஊரெல்லாம்தானே ஒட்டியிருந்துச்சு. நீ சொல்லு.

— பொண்ணுக்குக் காய்ச்சல். போன் பண்ணப் போக முடியல. மீசை தவிச்சுப்போயிட்டாராம். நான் வேற போலீஸ் ஸ்டேஷன்ல விசாரிக்கறேன்னு நினைச்சுட்டாரு! அதுக்கப்புறம் முப்பத்தேழரை, நாப்பது. நாப்பத்திரெண்டரையில முடிச்சேன்.

— அந்த அரை!

— அரை வரலன்னா எனக்குத் தூக்கம் வராது. எங்கப்பா கடையில அதானே பழக்கம். முழுசா ஒரு தொகையில பேச்சு முடிஞ்சா எதிராளி சந்தோஷமாப் போறான்னு அர்த்தம்.

— அந்த ஒத்தை ரூமுக்கு சுவர்க் கடிகாரம் வாங்கப் போனோமே. கடைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டுட்டான். “நூத்தி எண்பத்தேழரைன்னு சொல்றியே தாயே, அந்த அரையத் தர ஊர்ல எவன்கிட்ட சில்லறை இருக்கு?”ன்னு.

— தந்தானா இல்லையா? அந்தக் கடிகாரம் இன்னும் ஓடுது. உள்ள வந்தா பாக்கலாம்… வந்தா.

— பணத்த என்ன பண்ண?

— வைத்தியம் போக ஒரு கலக்கற மெஷின், ஒரு நிறுக்கற மெஷின், ஒரு பழைய வண்டி. உங்ககிட்டப் பாக்கெட் ஒட்டினவங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா ஜெயில்லேர்ந்து வெளிய வந்து வேலையில்லாம நின்னாங்க. கூப்பிட்டு உக்கார வச்சேன். அதே மூணு மடிப்பு. உள்ள நிஜமாவே துணி துவைக்கற தூள். இப்ப இந்த ஊர்ல பாதி வீட்டுல நம்ம தூள்தான்.

— என் வலது கை மொட்டை, அவனும் உங்கிட்டயா இருக்கான்?

— வண்டி ஓட்டறாரு. நல்ல மனுஷன். என்ன, போலீசப் பாத்தா இன்னும் சந்துக்குள்ள திருப்பிடறாரு. பத்து நிமிஷத்துல போற இடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகுது.

— வெளுக்குதா?

— என்னது?

— தூளுதான்.

— வெளுக்குது. அதே தெருவுக்கு ரெண்டாவது தடவையும் போறோம்.

— ஹா! அப்ப எனக்கு இங்க என்ன வேலை?

— இருந்தீங்கன்னா மெழுகுவத்தி. காலைல எட்டு மணிக்கு. தாமதமா வந்தா டீச்சர் சம்பளத்தப் பிடிப்பாங்க. ஆனா இருங்க, அவசரப்படாதீங்க. பணத்த விடப் பெருசா ஒண்ணு இருக்கு. அதச் சொல்லாம நீங்க அந்தப் பையத் தொடக்கூடாது.

— இன்னும் இருக்கா?

— விலை பேசியாச்சு, சரக்கக் குடுக்கணுமே. உங்கள எப்படி வீட்டுக்கு வரவழைக்கறது? பொண்ண வச்சு வரவழைச்சேன். “கணக்குல நூத்துக்கு நூறு வாங்கிட்டா, அப்பாகிட்டத்தான் முதல்ல காட்டுவேன்னு அழறா”ன்னு மொட்டைகிட்ட சொல்லி அனுப்பினேன். பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க ஒரு ஜியாமெட்ரி பாக்சக் கையில வச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வந்தீங்க. மீசை கதவுக்குப் பின்னாலேர்ந்து பாஞ்சாரு. பாக்ஸ் விழுந்து, காம்பஸ் உருண்டு என் கால்கிட்ட வந்து நின்னுச்சு. உங்கள வித்ததுக்கு நான் வருத்தப்படல, இன்னைக்கும் படல. ஆனா பெத்த பொண்ண வச்சுப் பொய் சொன்னேனே, அது மட்டும் உள்ள கிடந்து குத்துது. அந்தப் பாக்ஸ் அலமாரியிலதான் இருக்கு. போறதுன்னா எடுத்துட்டுப் போங்க.

— நூறு மார்க்குன்னு நம்பி நான் வந்தேன்னு நினைச்சியா?

— பின்ன?

— நம்ம பொண்ணு? கணக்குல? நூறு?

— அப்பா! காதுல விழுது!

— விழட்டும்டா கண்ணு. நீ எவ்வளவு வாங்கின?

— முப்பத்தொம்போது!

— பாத்தியா? அந்த வயசுல அவ கைவிரல எண்ணச் சொன்னாலே ஒன்பதுன்னு சொல்லுவா. செய்தி வந்ததுமே எனக்குத் தெரியும், கதவுக்குப் பின்னாடி மீசை நிக்கறான்னு.

— என்ன சொல்றீங்க நீங்க?

— நான் எங்க ஒளிஞ்சிருந்தேன்னு போலீசுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒரு அச்சாபீஸ் மாடி. என் தலைக்கு விலை போட்ட நோட்டீசெல்லாம் எனக்குக் கீழ இருந்த மெஷின்லதான் ஓடுச்சு. மை காயறதுக்கு முன்னாடி ஒரு பிரதி மேல வந்துடும். இருபது, முப்பது, முப்பத்தஞ்சு, சரி, போலீஸ்காரன் ஏத்தறான்னு இருந்தேன். அப்புறம் வந்துச்சு பாரு முப்பத்தேழரை! சர்க்காருக்கு ஏதுடி அரை? அந்தக் காகிதத்தக் கையில வச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். கீழ அச்சுக் கோக்கறவன் எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நினைச்சான். இந்த உலகத்துல என்னை வச்சு அரைக்குப் பேரம் பேச ஒருத்திதான் இருக்கா.

— தெரிஞ்சுமா ஓடல? கப்பல்ல இடம் பேசி வச்சிருந்தீங்களே!

— இருந்துச்சு. அதுக்குள்ள மொட்டை வந்து டீச்சர் விஷயத்தச் சொல்லிட்டு அழுதான். அவன் அழுது நான் பாத்ததே இல்ல. அவன் போனப்புறம் எட்டு கடிகாரத்தையும் கழட்டி வச்சேன். நானே போய் ஸ்டேஷன்ல நின்னிருக்கலாம். ஆனா நானா போய் நின்னா உனக்கு சல்லிக்காசு கிடைக்காது. வீடு, வண்டி, ஷூ ரூம் எல்லாத்தையும் சர்க்கார் எடுத்துக்கும், நீங்க ரெண்டு பேரும் தெருவுல நிப்பீங்க. யாராவது பிடிச்சுக் குடுத்தா அவங்களுக்கு ஒரு முதல் கிடைக்கும். அந்த யாராவது நீயா இருக்கறப்ப எனக்கு என்ன அவசரம்? ஏறிக்கிட்டிருக்கற விலையில எவனாவது சரக்க வெளிய விடுவானா?

— கோர்ட்டுல கத்தினது?

— என் ஆளுங்க கூட்டமா நின்னு என் மூஞ்சியையே பாத்தாங்க. நான் வாயத் திறக்காம நின்னா, இவனுக்கு ஆள் யாருன்னு தெரியும்னு உன் பக்கம் திரும்பியிருப்பாங்க. அதான் “வித்தவன், வித்தவன்”னு ஒரு ஆம்பளையத் தேட விட்டேன். பதினாலு வருஷமா தேடறானுங்க.

— அப்ப ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? மாசாமாசம் எதிர்ல உக்காந்து நான் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருந்தேனே!

— நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீயும் சொல்லல. பேரத்துல முதல்ல வாயத் திறக்கறவங்களுக்குத்தான் நஷ்டம்னு ரெண்டு பேருக்குமே தெரியும்ல?

— அந்த ஜியாமெட்ரி பாக்ஸ் எதுக்கு அப்ப?

— அவ ஒரு நாள் வாங்கிட்டா?

— அம்மா! பூனை தட்டுல வாய வச்சிடுச்சு! அப்பாவோட தட்டு!

— வேற தட்டு போடுடி! வரோம்! ஏங்க, என்னைப் பாக்காதீங்க. எனக்குக் கண்ணுல சோப்புத்தூள்.

— உனக்குத்தான் ஒரு துகள்கூட சிந்தாதே.

— பேசாம அந்தப் பைய எடுத்து உள்ள வைங்க.

— வச்சாச்சு. கதவ சாத்து. ஆனா ஒரு நிமிஷம் நில்லு முதலாளியம்மா, ஒரு கணக்கு தீரல.

— என்ன கணக்கு? எல்லாம்தான் சொல்லிட்டேனே.

— நீ பேசி முடிச்ச அன்னைக்கு எனக்குக் கீழ மெஷின்ல புது நோட்டீஸ் ஓடிட்டிருந்துச்சு. மறுநாள் சுவத்துல ஏறியிருக்கும். மீசைக்குச் சொல்லாமலே மேலிடத்துல ஏத்தியிருந்தாங்க, ஐம்பது லட்சம்! நீ வாக்குக் குடுத்துட்ட, பேசின சரக்கு போய்ச் சேரலன்னா உன் பேர் கெட்டுடுமேன்னு நாப்பத்திரெண்டரைக்கே எழுந்து வந்தேன். ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? ஏழரை லட்சம், உன் பேர்ல பாக்கி.